பலாவுக்கு ஒரு பிட், ரப்பருக்கு ஒரு பிட்

ரூட்டர் என்றால் இங்கே இணையப் பெட்டி இல்லை, மரத்தின் ஓரத்தைச் சீவவும் பள்ளம் எடுக்கவும் உதவும் மின்கருவி. அதில் மாட்டிச் சுழலும் வெட்டுமுனைதான் பிட். ரூட்டர் வாங்கிவிட்டு ‘எந்த பிட் வாங்கலாம்?’ என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, ‘கையில் என்ன மரம் இருக்கு?’ சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஓரத்தை உருட்ட ஒன்று, காடி (நீளப் பள்ளம்) எடுக்க ஒன்று என்று வடிவம் பார்த்து வாங்கினால் போதாதா என்பார்கள். மரமெல்லாம் ஒன்றாக இருந்தால் போதும்தான். காணொளிகளில் பைன், ஓக், மேப்பிள் பலகைகளில் வேலை நடக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வீட்டின் பின்பக்கம் சாய்த்து வைத்திருப்பது பலா, அயினி, மா, ரப்பர். வசதி இருந்தால் கொஞ்சம் தேக்கு, மகாகனி. அதோடு பழைய ஓட்டு வீட்டைப் பொளித்தபோது, அதாவது பிரித்தபோது, கழற்றி அடுக்கிய மச்சுப் பலகையும் பத்தாயப் (நெற்பெட்டி) பலகையும். இதில் ஒவ்வொன்றும் பிட்டிடம் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

நான் ஆசாரி இல்லை. திருவட்டாறு பக்கம் வீடு, அலுவலக வேலை, விடுமுறை நாளில் கொட்டகையில் மர வேலை. அலமாரி, செருப்பு ஸ்டாண்ட், அடுக்களைத் தட்டு, பெயர்ப்பலகை, சப்பாத்திப் பலகை என்று வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் செய்து கொடுப்பேன். யாரிடமும் காசு வாங்குவதில்லை. அதனால் வாங்கும் ஒவ்வொரு பிட்டும் என் கைக்காசு. அந்தக் கணக்குத்தான் எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

மரத்துக்குப் போகும் முன் மெஷினின் கோலெட்டைப் பார்த்துவிடலாம். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம் அது. டிரிம்மர் என்று கேட்டால் கடையில் எடுத்துத் தரும் சிறிய ரூட்டரில் 6 மி.மீ. அல்லது கால் இன்ச் கோலெட் இருக்கும். கால் இன்ச் என்றால் 6.35 மி.மீ. இந்த 0.35 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கோலெட்டுக்குத் தெரியும். 6 மி.மீ. தண்டைக் கால் இன்ச் கோலெட்டில் போட்டு நட்டை எவ்வளவு முறுக்கினாலும் முழுப் பிடி கிடைக்காது. ஓட ஓட பிட் மெல்லக் கீழே இறங்கும், காடியின் ஆழம் நீங்கள் வைத்த அளவைத் தாண்டிப் போகும், ஒரு கட்டத்தில் பிட் கழன்றும் பறக்கும். மாற்றிச் செய்தால் வேறு தொல்லை: கால் இன்ச் தண்டை 6 மி.மீ. கோலெட்டில் தட்டிப் புகுத்தினால் கோலெட்டின் வாய் விரிந்துபோகும், அப்புறம் அது எதையும் ஒழுங்காகப் பிடிக்காது. பெரிய மெஷினில் இதே குழப்பம் 12 மி.மீ.க்கும் அரை இன்ச்சுக்கும், அதாவது 12.7 மி.மீ.க்கும் இடையில் வரும்.

“ஆறு எம்.எம்.மும் கால் இஞ்சும் ஒண்ணுதான் சார், எல்லாவனும் இதைத்தான் கொண்டு போறான்” என்று ஒரு கடைக்காரர் என்னிடம் அடித்துச் சொன்னார். அவர் பேரில் தப்பில்லை, அவர் விற்பவர், ஓட்டுபவர் இல்லை. அன்றிலிருந்து வெர்னியர் காலிப்பரைப் பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். தண்டிலேயே அளவு பொறித்திருக்கும், ஆனால் மலிவு பிட்டில் பொறித்திருப்பதை நம்பாமல் அளந்து பார்ப்பது நல்லது.

அரை இன்ச் கோலெட் உள்ள மெஷின் இருந்தால், அரை இன்ச் தண்டில் கிடைக்கும் பிட்டை அந்தத் தண்டிலேயே வாங்குங்கள். கால் இன்ச்சைவிட அது இரண்டு மடங்கு தடிமன்தான், வளையாமல் நிற்கும் உறுதியோ 16 மடங்கு. இழைத்த காடியின் சுவரில் அலை அலையாக நடுக்கம் தெரிந்தால் பாதி நேரம் காரணம் மெலிந்த தண்டுதான். மீதி நேரம் நம் கை.

அடுத்தது வேகம். 530, 550 வாட் டிரிம்மர்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்றும் அதற்கு மேலும் ஓடுகின்றன. பலவற்றில் வேகத்தைக் குறைக்கும் திருகு கிடையாது. 6 மி.மீ. பிட் 30,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு சுமார் 34 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சைக்கிளில் வேகமாக மிதித்தால் எட்டக்கூடிய வேகம். அதே மெஷினில் ஓரத்தை உருட்டும் ரவுண்ட் ஓவர் பிட்டை, அரை இன்ச் ரேடியஸில், போடுங்கள். அதன் மொத்த விட்டம் 38 மி.மீ., இரண்டு பக்கமும் அரை அரை இன்ச், நடுவில் பலகை ஓரத்தைத் தொட்டு உருண்டு வழிகாட்டும் அரை இன்ச் பேரிங். விளிம்பு வேகம் இப்போது மணிக்கு 215 கிலோமீட்டர், அதுவும் பென்சில் தடிமன்கூட இல்லாத தண்டின் முனையில். இந்தப் பிட் கால் இன்ச் தண்டிலும் கிடைக்கிறது என்பதுதான் வேடிக்கை. கிடைப்பதெல்லாம் போடலாம் என்று அர்த்தமில்லை.

பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு இது: ஒரு இன்ச் விட்டம் வரை 24,000 சுற்று, ஒன்றிலிருந்து இரண்டு இன்ச் வரை 18,000, இரண்டரை இன்ச் வரை 16,000, அதற்கும் மேலே போனால் 12,000. பிட் தயாரித்தவர் உச்ச வேகத்தைத் தண்டிலோ உறையிலோ குறித்திருந்தால் அதுதான் கணக்கு. வேகம் குறைக்க முடியாத டிரிம்மரில் விட்டம் ஒரு இன்ச்சை எட்டும் பிட் எதையும் நான் தொடுவதில்லை. அந்த விட்டத்தில் ஓரம் உருட்ட வேண்டியிருந்தால் வேகத் திருகு உள்ள பெரிய மெஷினை எடுப்பேன். கதவுக்கு ரெய்ஸ்டு பேனல், அதாவது நடு எழும்பிய பலகை, செய்யும் அகலப் பிட்டுகள் மேசையில் பொருத்திய பெரிய ரூட்டருக்கு மட்டுமே. கையில் பிடித்து ஓட்டும் சாமான் இல்லை அது.

இனி மரம்.

ரப்பரில் தொடங்குகிறேன், எங்கள் பக்கம் அதுதான் கொட்டிக் கிடக்கிறது. குலசேகரம், அருமனை, திருவட்டாறு வட்டாரத்தில் பால் வற்றிய தோட்டம் வெட்டினால் லாரி லாரியாகத் தடி போகும். வெளிர் நிறம், நடுத்தரக் கடினம், பாலீஷ் நன்றாக ஏறும். மருந்து ஏற்றாத ரப்பர் பலகையை வீட்டு வேலைக்கு எடுக்கவே கூடாது, வண்டு துளைத்துவிடும், மழைக்காலத்தில் நீலப் பூஞ்சை பிடிக்கும். போரிக் ஆசிட், போராக்ஸ் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி உலர்த்திய பலகைதான் வேண்டும். பிட் விஷயத்தில் ரப்பரின் குணம், அதன் நார். வளைந்தும் சாய்ந்தும் வளர்ந்த மரமாக இருந்தால் சில இடங்களில் நார் இழுவிசையோடு இருக்கும். அங்கே மழுங்கிய பிட் வெட்டாது, பிய்க்கும். ஓரத்தை உருட்டிய பிறகு விரலால் தடவினால் பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படுத்துக்கொள்ளும், வார்னிஷ் அடித்ததும் மறுபடி எழும்பும். இதற்கு மருந்து ஒன்றுதான், கூர் குறையாத பிட். என்னிடம் உள்ள ரவுண்ட் ஓவர் பிட்டுகளில் புதியது எப்போதும் ரப்பருக்கு. கூர் கொஞ்சம் போனதும் அது மகாகனிக்குப் போய்விடும். மகாகனி அவ்வளவு சண்டை போடாது.

பலாவில் பிரச்சினை பிசின். அறுத்த புதிதில் மஞ்சள், வருஷம் போகப் போக தேன் நிறம், பிறகு கரும்பழுப்பு. பார்க்க இதைவிட அழகான மரம் நம் விளையில் இல்லை என்பது என் கட்சி. ஆனால் சரியாக உலராத பலாவில் ரூட்டர் ஓட்டினால் பிட்டின் முதுகில் பழுப்பாக ஒரு பூச்சு ஏறும். அது ஏறியதும் பிட் உரசும், உரசினால் சூடேறும், சூடேறினால் மரம் கருகும். பிட் மழுங்கிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். கழுவினால் போதும், பாதிக்கு மேல் உயிர் வந்துவிடும். பலாவுக்கு வாங்கும்போது வெட்டு அலகுகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக உள்ள, இரண்டு அலகுப் பிட்டைத் தேர்ந்தெடுப்பேன். தூள் வெளியே போக வழி வேண்டும்.

அயினிக்கும் பலாவுக்கும் ஒரே குடும்பம். அயினியில் நார் ஒரு அடுக்கு இடப்பக்கம், அடுத்த அடுக்கு வலப்பக்கம் என்று பின்னிப் போகும் பலகைகள் நிறைய வரும். எந்தத் திசையில் ஓட்டினாலும் ஏதோ ஓரிடத்தில் எதிர் நார்தான். நேர் பிட் போட்டு ஒரே ஓட்டில் ஆழமாக எடுத்தால் ஓரத்தில் சிலாம்பு பெயர்ந்து வரும், சில நேரம் விரல் நீளத்துக்கு. இங்கேதான் ஸ்பைரல் பிட் காசுக்கு ஈடு கட்டுகிறது. நேர் பிட்டின் அலகு மரத்தில் முழு நீளமும் ஒரே நேரத்தில் மோதும். ஸ்பைரலின் அலகு திருகுபோல் சுற்றிப் போவதால் சாய்வாகச் சீவிக்கொண்டே போகும். அதில் இரண்டு வகை. அப் கட் தூளை மேலே இழுத்து வெளியே தள்ளும், ஆழமான துளைக்கும் காடிக்கும் ஏற்றது, ஆனால் மேல் ஓரத்தைக் கொஞ்சம் கிளப்பிவிடும். டவுன் கட் மேல் ஓரத்தைக் கத்தியால் கீறியதுபோல விட்டுவிடும், தூளோ காடிக்குள்ளேயே திணிந்துகொள்ளும், அதனால் ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும். அயினிப் பலகையில் கண்ணுக்குத் தெரியும் காடி என்றால் முதல் ஒரு மில்லிமீட்டரை டவுன் கட்டில் எடுத்துவிட்டு மீதியை அப் கட்டில் முடிப்பேன். கொஞ்சம் மெனக்கெடல்தான்.

எஃகைவிடக் கடினமான கார்பைடில் முழுக்கக் கடைந்த ஸ்பைரல் பிட் கண்ணாடி ஜாதி. சிமெண்ட் தரையில் விழுந்தால் முனை தெறிக்கும். கொட்டகையில் மெஷினுக்குக் கீழே பழைய ரப்பர் பாய் விரித்திருப்பது அதற்காகத்தான்.

தேக்கு வெட்டச் சுகமான மரம், சிலாம்பு அதிகம் வராது. ஆனால் அதற்குள் சிலிக்கா உண்டு, மணலின் சரக்கு. எச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகுப் பிட்டைத் தேக்கில் விட்டால் கொஞ்ச நேரத்தில் கூர் போய்விடும். தேக்குக்குக் கார்பைடு முனை வைத்த பிட் கட்டாயம். தென்னை இன்னும் மோசம். வெளிவட்டம் இரும்பு, நடுப்பக்கம் சோறு. ஒரே பலகையில் ஒரு முனை பிட்டைத் தின்னும், மறுமுனை பிய்ந்து வரும். பழைய தென்னை உத்தரத்தில் ஸ்டூல் செய்யும் ஆசை பலருக்கு இருக்கிறது. செய்யலாம், வெளிவட்டத்துப் பலகை மட்டும் எடுத்து, கார்பைடு பிட் போட்டு, ஓட்டுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காமல்.

பொளித்த வீட்டு மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நன்றாகப் பழுத்த பத்தாயப் பலகை இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு, ஆண்டுக்கணக்கில் உலர்ந்தது, கோணாது. ஆனால் உள்ளே ஆணி இருக்கும். தலை துருப்பிடித்து உதிர்ந்து, மரத்தின் நிறத்திலேயே ஒரு புள்ளியாக ஒளிந்திருக்கும். கார்பைடு ஆணியில் மோதினால் அலகில் பல் விழும், அந்தப் பல் விழுந்த பிட் பிறகு ஓட்டும் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு கோடு விட்டுக்கொண்டே போகும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, பலகை மேல் மெல்ல நகர்த்துவேன். நூல் சாயும் இடத்தில் சாக்பீஸால் வட்டம். ஆணியைத் தோண்டி எடுத்த பிறகுதான் பிட். அப்படியும் முதல் ஓட்டத்துக்கு பழைய பிட்டைத்தான் விடுவேன். பித்தளைத் திருகைக் காந்தம் காட்டிக்கொடுக்காது.

பிளைவுட், எம்.டி.எஃப். இரண்டும் பசையால் ஆனவை, எச்.எஸ்.எஸ்.ஸை நாசம் பண்ணும், கார்பைடுதான். இப்போது அடுக்களைக்கு எல்லோரும் போடும் மல்டிவுட், மரமே இல்லை, பி.வி.சி. அதில் வேகம் கூடினால் தூள் உருகி அலகில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை அலகுப் பிட், குறைந்த சுற்று, நிற்காமல் நகரும் கை. அவ்வளவுதான்.

இப்போது செட் விஷயம். மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, பளபளவென்று, பன்னிரண்டோ பதினைந்தோ பிட் கொண்ட செட் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். அதில் பாதியை எப்போதுமே கோலெட்டில் மாட்ட மாட்டீர்கள். ரோமன் ஓஜி, பீடிங், கோவ் போன்ற அலங்கார ஓரப் பிட்டெல்லாம் பெட்டியிலேயே பளபளத்துக்கொண்டிருக்கும். தினமும் உழைக்கும் நேர் பிட்டோ, அந்தச் செட்டில் மெல்லிய கார்பைடோடு வந்து சீக்கிரம் தேய்ந்துபோகும். என் யோசனை, அந்தப் பணத்தில் நல்ல பிட் இரண்டு வாங்குங்கள், அடுத்த வேலை என்ன கேட்கிறதோ அதை அடுத்து வாங்குங்கள். ஒரே விதிவிலக்கு, எந்த வடிவம் உங்களுக்குப் பிடிக்கும் என்றே தெரியாதவர்கள். அவர்கள் மலிவு செட்டை மாதிரிப் பெட்டியாக வாங்கிப் பார்க்கலாம், தேய்ந்தால் வருத்தப்படாமல்.

என் கொட்டகையில் உழைக்கும் பிட்டுகள் சில மட்டும்தான். முதலில் நேர் பிட். 6 மி.மீ. ஒன்று, 12 மி.மீ. ஒன்று. 18 மி.மீ. பிளைவுட் தட்டைச் செருகக் காடி எடுக்க முக்கால் இன்ச் பிட் வாங்கச் சொல்வார்கள். முக்கால் இன்ச் என்றால் 19.05 மி.மீ., தட்டு லொடலொடவென்று ஆடும். சரி, 18 மி.மீ. பிட்டே வாங்கலாம் என்றால் 18 என்று விற்கும் பிளைவுட் பல நேரம் பதினேழரைகூட இருக்காது. 12 மி.மீ. பிட்டில் ஒரு ஓரத்தை எடுத்து, மெஷினுக்கு வழிகாட்டும் வேலியை நகர்த்தி மறு ஓரத்தை எடுத்தால் எந்தத் தடிமனுக்கும் பிசகில்லாமல் காடி வரும். வாங்கும்போது பிட்டைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பாருங்கள். அடியிலும் வெட்டு அலகு இருந்தால்தான் நேராகக் கீழே இறக்கலாம். இல்லாத பிட்டை மரத்தின் நடுவே அமுக்கினால் புகைதான் வரும்.

அடுத்து அடியில் பேரிங் வைத்த ஃப்ளஷ் டிரிம். மைக்கா ஒட்டியபின் ஓரம் வெட்ட ஆசாரிமார் பயன்படுத்துவது. மைக்காவோடு நின்றுவிடாதீர்கள். ஒரு வளைவை எட்டு மி.மீ. பிளைவுட்டில் பொறுமையாக வெட்டித் தேய்த்து அச்சு செய்துகொண்டால், அதை மரத்தில் ஒட்டி அதே வளைவை எத்தனை பலகைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். சப்பாத்திப் பலகை எல்லாம் எனக்கு அப்படித்தான். மேலே பேரிங் உள்ள பேட்டர்ன் பிட் என்றால் அச்சை மேலே வைக்கலாம். மைக்கா வேலையில் ஒரு கவனம்: பசை காயும் முன் ஓட்டினால் பேரிங்கில் பசை ஏறி அது சுற்றாமல் நின்றுவிடும், நின்ற பேரிங் மைக்காவைத் தேய்த்துக் கறுப்புக் கோடு போடும்.

ரவுண்ட் ஓவரில் 3 மி.மீ., 6 மி.மீ. ரேடியஸ் போதும். குழந்தைகள் கை படும் மேசை, கட்டில் ஓரத்துக்கு 6. அலமாரித் தட்டுக்கு 3. அதற்கு மேல் உருட்டினால் பலகையின் தடிமன் கண்ணுக்குக் குறைந்து தெரிகிறது. அப்புறம் ஓரத்தைச் சாய்வாகச் சீவும் 45 டிகிரி சாம்ஃபர். ஓஜி போன்ற அலங்கார வளைவுகளில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை, எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ஃபேக்டரி ஓரமாக வந்து நிற்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் பூமுகத்தின் மேல்கூரையை அண்ணாந்து பாருங்கள். 90 பூக்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பார்கள். உளி பிடித்த கை ஒவ்வொரு பூவிலும் வேறு முடிவு எடுத்திருக்கிறது. அதை ஒரு ஓஜி பிட்டிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிட் நேராக, சுத்தமாக வெட்டட்டும், அலங்காரம் வேண்டுமென்றால் உளியை எடுக்கலாம்.

எங்கள் ஊர் மூத்தாசாரி ஒருவர் அவ்வப்போது கொட்டகைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். ரூட்டர் ஓடுகிற சத்தம் அவருக்குப் பிடிக்காது. நிறுத்தியதும் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். “மக்ளே, உளி நாம சொல்லியத கேக்கும். இது அது போற போக்குக்குப் போவும், நீதான் பாத்துக்கிடணும்” என்பார். நான் ஒரு தடவை எழுத்துப் பொறிக்கும் கூர்முனை வி பிட்டைக் காட்டியதும் முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதத் தீட்டுக கல்லு எங்க?” என்று கேட்டார். நல்ல கேள்வி. பதிலைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வி பிட் வீட்டுப் பெயர்ப்பலகைக்கு வாங்கியது. தமிழ் எழுத்து பொறிப்பவர்கள் கோணத்தைக் கவனிக்க வேண்டும். 90 டிகிரி பிட்டில் 5 மி.மீ. இறங்கினால் கோடு 10 மி.மீ. அகலமாகிவிடும். அதே அகலத்துக்கு 60 டிகிரி பிட் எட்டரை மி.மீ.க்கு மேல் இறங்க வேண்டும். அதாவது 60-இல் கோட்டின் அகலம் நம் கட்டுக்குள் நிற்கும். ஆங்கில எழுத்தில் நேர்க்கோடு நிறைய, 90 போதும். நம் ‘ண’, ‘ஞ’, ‘இ’யில் சுழி மேல் சுழி. சுழிக்கு நடுவே மிஞ்சும் சின்ன மரத்துண்டு, நார் குறுக்கே போகிற இடத்தில் பொசுக்கென்று பெயர்ந்து போகும். 60 டிகிரி வி பிட் அல்லது 3 மி.மீ. உருண்டை மூக்குப் பிட், எழுத்து கையகலமாவது உயரம், மரம் தேக்கோ மகாகனியோ. அயினியில் எழுத்துப் பொறிக்க நான் துணிவதில்லை.

கடையில் பிட்டைக் கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது? கார்பைடு முனையின் தடிமன் முதலில். மெல்லிசாக ஒட்டியிருந்தால் ஒரு தடவைகூடத் தீட்ட முடியாது. முனையும் எஃகும் சேரும் பற்றவைப்புக் கோடு இடைவெளி இல்லாமல், ஒரே சீராக இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாகக் குழி தெரிந்தால் அங்கேதான் பிறகு முனை பெயரும். அலகின் முகத்தில் விரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்தால் சொரசொரப்பு தெரியக் கூடாது. பேரிங்கை விரலால் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும், ஆடக் கூடாது. பேரிங்கும் அதன் குட்டித் திருகும் தனியாகக் கிடைக்கிற வகையா என்று கேட்டு வையுங்கள், பிட்டுக்கு முன்னால் சாவது பேரிங்தான். அலகைத் தவிர மீதி இடம் சதைப்பிடிப்பாக இருக்கும் வடிவம் நல்லது. ஒரு சுற்றில் அது அதிகமாக மரத்தைக் கடிக்காது, மெஷின் கையை உதறாது.

மாட்டும்போது தண்டைக் கோலெட்டின் அடி வரை தள்ளி, பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் பிடி முழுமையாக விழாது. வெளி ஓரத்தில் மெஷினை இடமிருந்து வலமாக, அதாவது பலகையைச் சுற்றிக் கடிகாரத்துக்கு எதிராக ஓட்ட வேண்டும். ஜன்னல் போன்ற உள் ஓரத்தில் கடிகாரத் திசை. தலைமரம், அதாவது நார் முடியும் பக்கத்தை முதலில் ஓட்டிவிட்டு நீளவாக்கை அப்புறம் ஓட்டினால், முனையில் பெயர்ந்த சிலாம்பை நீள ஓட்டம் துடைத்துவிடும். கால் இன்ச் தண்டில் ஓட்டுக்கு 3 மி.மீ., அதற்கு மேல் பேராசை வேண்டாம். துவர்த்தை (துண்டை) தோளில் போட்டுக்கொண்டு ரூட்டர் பக்கம் போகக் கூடாது, கையுறையும் போடக் கூடாது. கண்ணாடி, காதடைப்பு, நல்ல மாஸ்க் மூன்றும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வாசலில் தூள் பறக்க விட்டுவிட்டு மாஸ்க் இல்லாமல் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

இனி மூத்தாசாரி கேட்ட கல். கார்பைடைச் சாதாரணச் சாணைக்கல் தொடாது, வைரத்தூள் பதித்த தட்டைக்கல் வேண்டும். பேரிங்கைக் கழற்றிவிட்டு, அலகின் தட்டையான முகத்தை மட்டும் கல்லில் படுக்க வைத்து, இரண்டு அலகுக்கும் ஒரே எண்ணிக்கையில் சில இழுப்பு. சாய்வான முதுகுப் பக்கத்தைத் தொட்டால் வடிவமும் விட்டமும் மாறிப்போகும், பேரிங்கோடு பொருந்தாது. ஸ்பைரல் பிட்டை வீட்டில் தீட்ட முடியாது, பல் விழுந்த பிட்டையும் அப்படித்தான், பழைய மரத்துக்கென்று ஒதுக்கிவிடலாம். தீட்டும் முன் கழுவுங்கள். பாத்திரம் துலக்கும் திரவமும் சமையல் சோடாவும் வெந்நீரில் கலந்து பிட்டைக் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் பலாப் பிசின் போய்விடும். அதிலும் பேரிங்கைப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கழுவிப் போய்விடும்.

கழுவினால் உடனே துடைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. கொளச்சல், முட்டம் பக்கத்துக்காரர்களுக்கு உப்புக் காற்றும் கூட. கார்பைடு துருப்பிடிக்காது, தண்டு பிடிக்கும். துரு ஏறிய தண்டு கோலெட்டில் சரியாக உட்காராது, ஏறிய துருவைத் தேய்த்தால் தண்டு மெலியும். மழைக்காலம் தொடங்கும்போது தண்டுகளில் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைக்கிறேன். மாட்டும் முன் அந்த எண்ணெயைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். கோலெட்டின் உள்பக்கத்தையும் அப்படியே, தூளும் எண்ணெயும் இல்லாமல்.